ஐந்நூற்றுப் பன்னிரண்டில் மிச்சம் ஒன்பது

"ஒன்பதா? நல்லாப் பாரு கோபி, தொண்ணூறா இருக்கப் போவுது."

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கணினித் திரைக்குள்ளேயே போய்விடுகிறவர் போலக் குனிந்தார்.

"ஒன்பதுதான் சார். மொத்தம் ஐந்நூத்திப் பன்னெண்டு எம்.பி. மெமரி. அதுல காலியா இருக்கறது ஒன்பது. மிச்சத்தையெல்லாம் சர்வர் தின்னு தீர்த்துடுச்சு."

"இன்னாத்துக்கு?"

அதுதான் கோபிநாத்துக்குத் தெரியவில்லை. தெரியாது என்று முதலாளியிடம் சொல்லும் பழக்கமும் அவனுக்கு இல்லை. "பார்த்துட்டே இருக்கேன் சார்," என்றான்.

பாண்டிச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், ஒரு மாடியில் இருந்தது தணிகாசலம் திருமணத் தகவல் நிலையம். இருபது வருடம் நோட்டுப் புத்தகத்தில் வரன் எழுதி வைத்துக் கல்யாணம் முடித்துக் கொடுத்த மனிதர், 2005 பொங்கலுக்கு வலைத்தளம் திறந்தார். 'சைட்டைச் சென்னையில ஒரு கம்பெனிகிட்ட விட்டுடலாம் சார், அவங்க பார்த்துக்குவாங்க' என்று கோபிநாத் சொன்னதற்கு அவர் ஒப்பவே இல்லை. 'என் கடை என் கண்ணு முன்னாடி இருக்கணும்' என்று சொல்லி ஒரு சர்வரை வாங்கிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார். சந்தனப் பொட்டு வைத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஊதுபத்தி காட்டினார். லினக்ஸில் ஓடும் கறுப்புப் பெட்டி அது. அதற்கென்று தனித்திரை கிடையாது. கோபிநாத் தன் மேசைக் கணினியில் உட்கார்ந்துதான் அதனோடு பேச வேண்டும்.

மெமரி தீர்ந்தது என்ற விஷயம் அவனோடு போயிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை பாரீஸிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. எழுதியவர் மதாம் செல்வாம்பாள். அங்கே இருக்கிற பாண்டிச்சேரிக் குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளர். இருநூறு குடும்பம், வீட்டுக்கு ஒரு கல்யாண வயசுப் பிள்ளை, எல்லாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால், ஜாதகத்தை அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்கிற ஊர் இது.

மெயிலைத் தணிகாசலம் உரக்கப் படித்தார்.

"'தணிகாசலம் அண்ணே, நேற்றும் உங்கள் சைட் திறக்கவில்லை. மூன்று தடவை பார்த்தேன். போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கக் கூட்டத்தில் பெரிய திரை கட்டி எல்லாருக்கும் காட்டப் போகிறேன். அன்றைக்கும் இப்படிச் செத்துக் கிடந்தால், நாங்கள் லண்டன்காரர்கள் நடத்துகிற சைட்டுக்குப் போய்விடுவோம்.' கேட்டியா கோபி? இருநூறு குடும்பம்! லண்டனுக்கு!"

"மெமரி இல்லாமதான் சார் செத்துப்போவுது. கண்டுபிடிச்சுட்டோம்ல, விடுங்க."

"விட முடியாது. ஞாயித்துக்கெழம ஓடுச்சுன்னா, திங்கக்கெழம உனக்கு நிரந்தர ஆர்டர். நின்னுச்சுன்னா, அந்தச் சென்னை கம்பெனிக்கே குடுத்துடுறேன். அப்புறம் உனக்கு இங்க இன்னா வேல?"

அடுத்த மேசையில் உட்கார்ந்து வரன் விவரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த சுமலதா, தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. போன மாதம்தான் கோபிநாத் ஒருவழியாக வாயைத் திறந்து கேட்டிருந்தான். அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "மில்லை மூடினப்போ தெருவுல நின்னவரு எங்கப்பா. நிரந்தரம்னு எழுதின காயிதத்தைக் கண்ணால பார்க்காம யாருக்கும் பொண்ணு குடுக்க மாட்டாரு. ஆர்டரோட வாங்க," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஆக, ஒன்பது எம்.பி.யில் தொங்கிக்கொண்டிருந்தது கோபிநாத்தின் கல்யாணம்.

வேலையில் இறங்கினான். சர்வருக்குள் ஓடிக்கொண்டிருந்தவற்றில் எவையெல்லாம் பெயர் தெரியாதவையோ, அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினான். பிற்பகல் ஒரு மணிக்கு வழக்கம்போல எல்லாரும் கணினியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நாலு மணிக்கு அவன் திரும்பி வந்தபோது தரை பளிச்சென்று பினாயில் மணத்தோடு இருந்தது. அவன் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. உட்கார்ந்த வேகத்தில் மெமரியைப் பார்த்தான்.

முந்நூற்றெண்பது!

"சார்! முந்நூத்தி எண்பது காலி சார்!"

"அடி சக்கை!" தணிகாசலம் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "எப்படிய்யா பண்ணின?"

"வேணாத ஆளுங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டேன் சார்."

"கோபி சார்," என்று சுமலதா கூப்பிட்டாள். "நீங்க அனுப்பின ஆளுங்கள்ல பிரிண்டரும் ஒருத்தரு போல இருக்கு. ஜாதகம் பிரிண்ட் வர மாட்டேங்குது. வெளிய ரெண்டு பேரு நிக்கிறாங்க."

அன்றைக்கு எட்டு ஜாதகங்களை அவள் கையால் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தாள். ஒன்றில் சனியை இடம் மாற்றி வைத்துவிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் உடனே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பாரீஸிலிருந்து மறுபடி மெயில். நேற்றும் சைட் திறக்கவில்லையாம். கோபிநாத் மெமரியைப் பார்த்தான். பதினொன்று.

"ராத்திரியோட ராத்திரியா திரும்பத் தின்னுடுச்சு சார்!"

இந்த முறை அவன் ஆளைப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தான். சைட்டைத் திறக்கிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்க, சர்வருக்குள் ஐம்பது ஆட்கள் எப்போதும் தயாராக நிற்பார்கள். ஆள் என்றால் நிஜ ஆள் இல்லை. ஒரே நிரலின் ஐம்பது பிரதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வைத்திருக்கும் மெமரி எழுதியிருந்தது. இருபது, இருபது, இருபது... கூட்டிப் பார்த்தான். தலை சுற்றியது.

"சுமலதா, ஐம்பதையும் கூட்டினா ஆயிரம் வருது. மொத்தமே ஐந்நூத்திப் பன்னெண்டுதான். இல்லாத மெமரியை எப்படிங்க தின்னும்?"

சுமலதா தன் கையிலிருந்த விண்ணப்பக் கட்டைக் காட்டினாள். "இதப் பாருங்க. ரெட்டியார்பாளையத்துல அண்ணன் தம்பி நாலு பேரு. நாலு பேருமே 'சொந்த வீடு, ரெண்டு மாடி'ன்னு எழுதியிருக்காங்க. நாலு வீடா இருக்கு? ஒரே வீடுதான். ஆளாளுக்குத் தனக்குன்னு எழுதிக்கிறாங்க. உங்க ஐம்பது பேரும் அப்படித்தான் ஏதாவது பொதுவா வச்சிருப்பாங்க."

அவள் சொன்னதுதான் சரி. பாதிக்கு மேல் அந்த ஐம்பது பேருக்கும் பொதுச் சொத்து. ஆனால் கல்யாணம் தொங்கிக்கொண்டிருக்கும்போது யாருக்குக் காதில் ஏறும்? கோபிநாத் ஐம்பதை ஐந்தாகக் குறைத்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நானூறு காலி! அவன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். தணிகாசலம் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஐந்து நிமிடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர், பெண் படத்தில் நெற்றி மட்டும் தெரிகிறது, மூக்கு எப்போது வரும் என்று கேட்டார். ஐந்து ஆட்கள் எத்தனை பேருக்குத்தான் பரிமாறுவார்கள்? வரிசை தெருமுனை வரை போனது.

புதன்கிழமை காலை பாரீஸ் மெயில். மெமரி எட்டு.

"இன்னும் ஒரு ஐந்நூத்திப் பன்னெண்டு வாங்கிப் போட்டுடலாம் சார்," என்றான் கோபிநாத். தணிகாசலம் மறு பேச்சுப் பேசாமல் வாங்கி வந்தார். அதற்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் செருக விட்டார். மாலையில் எண்ணூற்றைம்பது எம்.பி. காலி! அன்றைக்கு எல்லாருக்கும் சமோசா. வியாழக்கிழமை காலை பாரீஸ் மெயில். மெமரி பன்னிரண்டு.

தணிகாசலம் கண்ணாடி அலமாரியை விட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"போட்டதையெல்லாம் தின்னுடுதேய்யா. பேய்கீய் பிடிச்சிருக்குமா?"

"சே, சே. படமெல்லாம் பெருசு சார். அதான்."

வரன் படங்கள் அத்தனையையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கினான். மாலையில் பார்த்தால், ஆகா, எண்ணூற்றெழுபது! ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே பெண் பார்க்கப் போன ஒரு குடும்பம், காப்பி கொண்டுவந்த பெண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் முறுக்குத் தட்டோடு நின்ற அத்தையைப் பிடித்துப்போனது என்று சொல்லி அனுப்பியது. அத்தைக்கு ஏற்கெனவே கல்யாணமாகிப் பேரன் இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மெமரி பதின்மூன்று. பாரீஸ் மெயில் ஒரே வரிதான்: 'அண்ணே, ஞாயிறு கடைசி.'

கோபிநாத் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஐந்து ஆட்களையும் வெளியே அனுப்பிவிட்டு, புது ஆட்களை உள்ளே விடும்படி கட்டளை எழுதி வைத்தான். மாலையில் காலியிடம் தொள்ளாயிரத்தைத் தொட்டது. தணிகாசலம் அவனைக் கட்டிக்கொண்டார்.

ஆறு மணிக்கு மாடிப்படி அதிர ஒருவர் ஏறி வந்தார். "ரெட்டியார்பாளையத்துலேர்ந்து வரேன். எம் பொண்ணு வெவரத்தைக் காலைலேர்ந்து நாலு தடவை அடிச்சேன். நட்சத்திரம் வரைக்கும் வரேன், எல்லாம் அழிஞ்சு முதல்லேர்ந்து கேக்குது. எம் பேரே எனக்கு வெறுத்துப்போச்சு. பேனா குடும்மா, எழுதியே குடுத்துட்டுப் போறேன்."

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, சுமலதா கோபிநாத்தின் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"இடம் காலியாத்தான் இருக்கு. ஆளுங்களைத் துரத்தித் துரத்திக் காலி பண்ணிட்டீங்க. யாரையாவது கேட்டா இன்னா? வாயில முத்தா இருக்கு?"

இந்த ஒரு வாரத்தில் அவனுக்குத் தோன்றாத யோசனை அது. சனிக்கிழமை காலை, சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் எழிலரசனுக்குப் போன் போட்டான். கூடப் படித்தவன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பில், கோபிநாத் போனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"டேய், லினக்ஸ் மெமரியைச் சும்மா வச்சிருக்காதுடா. ஒரு தடவை படிச்ச படத்தை, கோப்பை எல்லாம் மறுபடி கேப்பாங்கன்னு கையோட வச்சிக்கும். அதுக்குக் கேஷ்னு பேரு. யாராவது இடம் வேணும்னா அந்த நிமிஷமே காலி பண்ணிக் குடுத்துடும். நீ பார்க்கற எண் அதைக் காலியில சேர்க்காத எண். அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு பாரு."

கோபிநாத் பார்த்தான். ஒரு வாரமாக அவன் கண்ணெதிரிலேயே இருந்த வரி. எழுநூற்றுத் தொண்ணூறு.

"எழுநூத்தித் தொண்ணூறா! அப்ப என் மெமரி தீரவே இல்லியா?"

"எங்க தீர்ந்துது? நீதான் நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்க. பழையபடி எல்லாத்தையும் மாத்து."

"எழிலு! என் வயித்துல பாலை வார்த்தடா!"

"இரு, இரு. மதியத்துக்கு மேல தானா காலியாயிடுதுன்னியே, அது எப்படிடா? கேஷ் அப்படியெல்லாம் தானா..."

"அது கெடக்கட்டும்டா, விடு! கல்யாணத்துக்கு வந்துடு!"

போனை வைத்துவிட்டான். எழுந்து நின்றான். ஒரு குதி குதித்தான். "சுமலதா! ஒண்ணுமே இல்லீங்க! ஒரு வாரமா ஒண்ணுமே இல்லாததுக்கு வைத்தியம் பார்த்திருக்கேன்! அந்த நாலு அண்ணன் தம்பி வீடு மாதிரிதான்! நீங்க அன்னிக்கே சொன்னீங்க!"

"சொன்னேன்ல?" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவனுக்குப் பாதி கல்யாணம் முடிந்துவிட்டது.

அன்று முழுவதும் இருவருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார்கள். பிரிண்டர் உயிர் பெற்றது. ஐந்து ஆட்கள் மறுபடி ஐம்பதானார்கள். பத்து நிமிடக் கட்டளை ஒழிந்தது. அத்தையை விட்டுப் பெண்ணை அடையாளம் காணும் அளவுக்குப் படங்கள் பெரிதாயின. சைட் வெண்ணெயாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை. பாரீஸில் கூட்டம் அவர்கள் கணக்குக்குக் காலை ஒன்பதேகாலுக்கு, நமக்குப் பன்னிரண்டேமுக்கால். தணிகாசலம் பட்டு வேட்டியில் வந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதில்லை என்று தீர்மானித்து, மூவருக்கும் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். கோபிநாத் புதுச்சட்டை. சுமலதாவும் ஏனோ மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

சொன்னபடி போன் அடித்தது. தணிகாசலம் ரிசீவரைக் காதிலிருந்து அரையடி தள்ளிப் பிடித்தார். அப்படியும் மதாம் செல்வாம்பாளின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"போன்ழூர் அண்ணே! கூடம் நெறைய சனம்! எல்லாரும் திரையைத்தான் பார்த்துக்கினு இருக்காங்க. தெறக்கட்டுமா?"

"தெறங்க மதாம்!"

ஒரு நொடி. இரண்டு நொடி. கோபிநாத் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"வந்துடுச்சு! அண்ணே, வந்துடுச்சு! படமெல்லாம் வருது! அய்யோ, எவ்வளோ அழகான பொண்ணுங்க!"

பின்னால் கைதட்டல் கேட்டது. தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுமலதா கோபிநாத்தின் திரையை எட்டிப் பார்த்தாள். கையில் மடிக்கணினி வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்திருக்க வேண்டும். ஐம்பது ஆட்களும் ஓடியாடிப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். காலி மெமரி பதினான்கு.

"பதினாலுதான் இருக்கு," என்று அவள் கிசுகிசுத்தாள்.

"இருக்கட்டுங்க! அதுதான் அழகு! கீழ் வரியைப் பாருங்க!" என்று கத்தினான் கோபிநாத். "நல்லா தின்னட்டும்!"

"அண்ணே, முப்பது பேரு இப்பவே பேரு குடுக்கறேங்கிறாங்க," என்றது பாரீஸ். "அந்தப் பாரத்தைத் தெறந்து, ஒருத்தரொருத்தரா எழுதிக்கினு இருக்காங்க. நாளைக்கு மிச்சப் பேரு."

"ஆவட்டும் மதாம், ஆவட்டும்!" தணிகாசலம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "கோபி, நாளைக்கு எதுக்குய்யா? ஆர்டரை இப்பவே எழுதிடுறேன். சுமலதா, ஒரு பேப்பர் எடும்மா!"

சுமலதா பேப்பரை எடுத்தாள். தணிகாசலம் பேனா மூடியைக் கழற்றி, 'திரு. கோபிநாத் அவர்களுக்கு' என்று எழுதினார். கோபிநாத் அவளைப் பார்த்தான். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சிரித்தாள். சுவர்க்கடிகாரம் ஒரு மணி அடித்தது.

மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

"கரண்ட்டு!" என்று அலறினார் தணிகாசலம்.

"பயப்படாதீங்க சார்!" கோபிநாத் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு எழுந்தான். கண்ணாடி அலமாரியில் சர்வரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. திரையும் அணையவில்லை. படிக்கட்டுப் பக்கம் யூ.பி.எஸ். பெட்டி கீச் கீச் என்று கூவியது. "கேட்டீங்களா? யூ.பி.எஸ். எடுத்துக்கிச்சு! கரண்ட்டு போனா முக்கால் மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள பாரீஸ்ல எல்லாம் முடிஞ்சுடும். நான் எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருக்கேன் சார்!"

"சபாஷ்!" என்று சொல்லித் தணிகாசலம் பேனாவை மறுபடி காகிதத்தில் வைத்தார்.

கீச் கீச் சத்தம் நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. திரை கறுத்தது.

"அலோ! அலோ! அண்ணே!" ரிசீவரிலிருந்து குரல் வந்தது. "இன்னா அண்ணே, தெனைக்கும் போலவே செத்துடுச்சு! பாரமெல்லாம் போச்சு! சனமெல்லாம் எழுந்துக்குதே!"

தணிகாசலத்தின் கை காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. கோபிநாத் வாயைத் திறந்தபடி கறுத்த திரையைப் பார்த்தான். சுமலதா வாசல் பக்கம் திரும்பினாள். படியில் வாளி இடிக்கும் சத்தம் கேட்டது.

கீழ்வீட்டில் குடியிருந்துகொண்டு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் ராஜாம்பாள், ஒரு கையில் பினாயில் வாளியும் மறு கையில் ஈரத்துணியுமாக உள்ளே வந்து மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட, நீங்கல்லாம் இன்னும் சாப்பிடப் போவலியா மொதலாளி? தரை தொடைக்கறப்ப ஷாக் அடிக்கப் போவுதுன்னு, தெனமும் ஒரு மணிக்கு மெயினை எறக்கிட்டு, கத்துற அந்தப் பொட்டியையும் அமுக்கிட்டு, நாலு மணிக்கு நீங்க வர்றதுக்குள்ள திரும்பப் போட்டு வச்சிடுவேனே, அது மாதிரிதான் இன்னிக்கும் பண்ணினேன்!"